கமிட்டிக்குப் போற பேரனுக்கு அப்பிச்சி சொல்றது

ஏங் கண்ணு, ஆத்துத் தண்ணியப் பத்திப் பேசற கமிட்டியில உன்னைய நிபுணராப் போட்டுட்டாங்களாமா? நல்லது சாமி. டாக்டர் பட்டத்தை வாங்கிச் சுவத்துல மாட்டி வெச்சா மட்டும் போதுமா? இனி காரு வரும், சால்வை வரும், முந்திரிப்பருப்புத் தட்டு வரும். தட்டு வர்றப்ப மட்டும் வாயைத் தொறந்துக்க. வேற எதுக்கும் தொறந்து பழகாத.

உன்னைய யாரும் பொய் எழுதச் சொல்ல மாட்டாங்க. அவிங்க அத்தனை நாகரிகம் தெரியாதவிங்க இல்ல. "இன்னொரு வருசம் ஆராய்ச்சி பண்ணிப் பார்க்கலாங்களே, புரபசர்"ம்பாங்க, அவ்வளவுதான். நீயும் தலையாட்டிப்போடு. ஆய்வுக்குப் பணம் வரும், ஆறு அது பாட்டுக்குப் போகும்.

நம்ம நொய்யல் ஆத்துல, ஒரத்துப்பாளையத்துல, 1992-ல அணை கட்டி முடிச்சாங்க. பாசனத்துக்குன்னுதான் கட்டுனாங்க, தேங்குனது என்னமோ திருப்பூர்ச் சாயத் தண்ணி. மதகைத் தொறங்கன்னு மனுக் கொடுக்க வேண்டிய விவசாயி, சாமி தொறந்துபோடாதீங்கன்னு கும்பிட்டான். இந்தக் கூத்து வேற எந்தச் சீமையிலயாச்சும் நடந்திருக்குதா, உன்ற புஸ்தகத்துல பார்த்துச் சொல்லு. லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல உப்புக் கரைஞ்ச கழிவை ஆத்துல உடக்கூடாதுன்னு விதி இருக்குதாமா. எங்க எருமைக்கு அந்த விதியெல்லாம் தெரியாது. தொட்டித் தண்ணிய மோந்து பார்த்துச்சு, மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. அதே நாள்ல அறிக்கை கொடுத்த நிபுணர் அது ஒண்ணுதான்! பொறகு வரப்புல உப்புப் பூத்துது, தென்னை குரும்பையிலேயே கொட்டிப்போச்சு.

உங்க ஆளுங்க எல்லாரும் சும்மா இருந்தாங்கன்னு சொன்னா என்ற நாக்கு அழுகிப்போகும். ஆராய்ச்சிக்காரங்க சில பேரு நொய்யல் நாசத்தைக் கணக்குப் போட்டு எழுதியே வெச்சாங்க. படிக்க வேண்டியவிங்க அலமாரிக்குப் பூட்டு நல்ல பூட்டு. கோர்ட்டுப் படி ஏறுனது உழுதுட்டிருந்த ஆளுங்கதான். 2006-ல ஐகோர்ட் சொல்லுச்சு. கெடுத்தவந்தான் காசு கட்டோணும்னு 2009-ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிப்போடுச்சு. அப்பவும் ஆத்து நெறம் மாறல. கடைசியா 2011 ஜனவரி 28-ல, எழுநூத்துக்கு மேல சாயப்பட்டறையச் சாத்துங்கன்னு ஐகோர்ட் உத்தரவு.

எங்களுக்குச் சந்தோசம்னு நெனைக்கறயா? வசதிப்பட்ட ஓனர் துணிய வெளியூருக்கு லாரியில ஏத்தியுட்டு அங்க சாயம் போட்டுக்கிட்டாரு. பட்டறையில துணி அலசுன பையன் மூட்டையக் கட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நின்னான். அவன் என்ன தப்புப் பண்ணுனான்? அணை கட்டுன மறு வருசமே படிச்சவிங்க நாலு பேரு கலெக்டர் மேசைய ஓங்கித் தட்டியிருந்தா, பட்டறைய ஒவ்வொண்ணாச் சீர் பண்ணியிருக்கலாம். நீங்க இத்தனை வருசம் நாசூக்காப் பேசுனதுக்கு வட்டி கட்டுனது அந்தப் பையன். ஆனா அதெல்லாம் நீ யோசிக்காத கண்ணு, யோசிச்சா அடுத்த கமிட்டிக்குக் கூப்புட மாட்டாங்க.

மோசிகீரனார்னு ஒரு புலவரு இருந்தாரு. தகடூரை அழிச்ச பெருஞ்சேரல் இரும்பொறையோட முரசுக் கட்டில்ல, முரசை நீராட்டக் கொண்டுபோன நேரமாப் பார்த்து, தெரியாமப் படுத்துத் தூங்கிட்டாரு. அதுல படுத்தா வெட்டுத்தான். வந்து பார்த்த ராசா வெட்டல, கவரி எடுத்து வீசுனான்னு புறநானூறு சொல்லுது. இப்ப கொஞ்சம் மாறிப்போச்சு. மந்திரி தூங்கறாரு, புலவரு வீசறாரு. நீயும் பதனமா வீசு. அவரு முடி கலைஞ்சா கமிட்டி கலைஞ்சுரும்.

கூட்டம் எப்ப, வெள்ளிக்கிழமையா? போறப்ப நம்ம கெணத்துத் தண்ணி ரண்டு பாட்டில் புடிச்சுட்டுப் போ. பார்வைக்குத் தெளிவாத்தான் இருக்கும், கடைத் தண்ணிக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாது. நீ ஒண்ணும் பேச வேண்டாம், தலைவரு கைக்கு எட்டற மாதிரி மட்டும் வெச்சுப்போடு.