புதன்கிழமை ஜப்பான்

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று சொல்லி வைத்தவருக்கு ஜப்பானில் யாரோ சொந்தக்காரர் இருந்திருக்க வேண்டும். அங்கே புதுப் படங்களின் ப்ளூ-ரே, டிவிடி தட்டுகள் பெரும்பாலும் புதன்கிழமைதான் கடைக்கு வரும். ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ தட்டு வந்த 2024 மே 1 புதன்கிழமை. இயக்குநர் மியாசாகியின் ‘தி பாய் அண்ட் தி ஹெரான்’ வந்த அதே ஆண்டு ஜூலை 3-ம் புதன்கிழமை. தியேட்டரில் படம் வெளியாவது வெள்ளியில். ஆக, தாராசுரத்தில் பட்டுத்தறிச் சத்தத்துக்கு நடுவே குடியிருக்கும் எனக்கு வாரத்தில் இரண்டு நாள் விசேஷம். அந்த இரண்டு நாளிலும் என் கைக்கு ஒன்றும் வந்து சேராது என்பதை வீட்டில் உள்ளவர்கள் அடிக்கடி நினைவுபடுத்துவார்கள்.

ஜப்பானின் கடிகாரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே நள்ளிரவு பன்னிரண்டுக்கு ஒரு முன்னோட்டத்தை அவிழ்த்துவிட்டால் இங்கே இரவு எட்டரை. அம்மா சீரியல் பார்க்கும் நேரம். ஒரு மூலையில் நான் கைப்பேசியோடு ஒடுங்கியிருப்பேன். என்னதான் சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் சீரியலில் யாராவது விக்கி அழுதுவிட்டு மூச்சு வாங்கும் இடைவெளியில் என் முன்னோட்டத்து ஜப்பானியப் பெண் பிடித்துக்கொள்வாள்.

“ஏன்டா அந்தப் பொண்ணு இந்தக் கத்து கத்துது? யாராச்சும் போயிட்டாங்களா?”

“இல்லம்மா. படம் வர்ற தேதி சொல்றாங்க.”

“தேதியா? நம்ம படமா இருந்தாலும் பரவாயில்ல.”

அவர்கள் தேதி சொல்லும் அழகே தனி. முதலில், படம் எடுக்கப்போகிறோம் என்று ஒரு அறிவிப்பு. சில மாதம் கழித்து ஒரே ஒரு ஓவியம். அப்புறம் ‘தொக்குஹோ’ என்று அரை நிமிஷத் துண்டு. முன்னோட்டம் அதற்குப் பிறகு. ஃபர்ஸ்ட் லுக் வரும் நேரத்தைச் சொல்ல ஒரு போஸ்டர் ஒட்டும் நமக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அதிசயம் மியாசாகி படத்துக்கு நடந்தது. 2023 ஜூலை 14 அன்று வந்த அந்தப் படத்துக்கு முன்னோட்டம் கிடையாது, டிவி விளம்பரம் கிடையாது, கதை இன்னதென்று ஒரு வரி கிடையாது. ஒரு பறவை படம் போட்ட போஸ்டர், அவ்வளவுதான். தயாரிப்பாளர் தொஷியோ சுசுகி வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார். கூட்டம் அலைமோதியது. அடுத்த ஆண்டு ஆஸ்கரும் வந்தது. நம்மூரில் ஒரு தயாரிப்பாளர் இப்படிச் செய்தால், பணம் தீர்ந்துவிட்டது என்று அன்று மாலைக்குள் டீக்கடையில் முடிவு கட்டிவிடுவார்கள்.

டெல்டாக்காரனுக்குக் காத்திருக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஜூன் 12 மேட்டூர் திறப்பார்களா, நீர்மட்டம் எத்தனை அடி என்று பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் இங்கே பலருக்குக் காபியே இறங்கும். திறந்த தண்ணீர் கல்லணை வந்து, அங்கிருந்து பிரிந்து, அரசலாற்றில் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்க நாளாகும். தண்ணீருக்கு நாங்கள் ஒன்றும் கடைமடை இல்லை. ஜப்பான் படத்துக்கு முழுக் கடைமடை. ‘சுசுமே’ அங்கே 2022 நவம்பர் 11. இந்தியாவுக்கு 2023 ஏப்ரல் 21. மியாசாகி படம் இங்கே வந்தது 2024 மே 10, அதாவது பத்து மாதம். அதற்கு முன்னால் இயக்குநர் ஷின்காயின் ‘வெதரிங் வித் யூ’ படத்தை இந்தியாவில் வெளியிடச் சொல்லி ஐம்பதாயிரம் பேருக்கு மேல் இணையத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 2019 அக்டோபர் 11 அன்று சில பெரிய நகரங்களில் வந்தே விட்டது. கும்பகோணத்தைத் தனி மாவட்டமாக்கக் கேட்டு வருஷக்கணக்காகப் போராடுகிறவர்கள், இடையில் ஒரு மழைப் பாட்டு சேர்த்துப் பார்க்கலாம்.

2025-ல்தான் மதகு கொஞ்சம் விரைவாகத் திறந்தது. ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்’ அங்கே ஜூலை 18, இங்கே செப்டம்பர் 12. எட்டே வாரம், அதுவும் தமிழ் பேசிக்கொண்டு. கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் திருச்சியில் டிக்கெட் போட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். கிளம்பும்போது கதாநாயகன் தஞ்சிரோ அணியும் பச்சை கறுப்புக் கட்டம் போட்ட மேலங்கியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். பக்கத்து வீட்டு அண்ணன் மூன்று தலைமுறையாகத் தறி போடும் சௌராஷ்டிரக் குடும்பத்துக்காரர். அவர் துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நெருடினார். திருப்பி உள்பக்கம் பார்த்தார்.

“இது நெசவு இல்லையே தம்பி, மேல அச்சடிச்சிருக்கான். கட்டமும் ரொம்பப் பெருசு. பாலும் பழமும் கட்டம்னா பொடிசா வரணும். எவ்வளவு குடுத்தே?”

விலையைச் சொன்னான். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்துவிட்டார்.

தியேட்டரில் பாதிப் பேர் அதே கட்டத்தில் இருந்தார்கள். நான் ஒருவன்தான் வேட்டி. ஏதோ கிழட்டுக் கதாபாத்திரத்தின் வேஷம் என்று நினைத்து இரண்டு பையன்கள் என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள். படம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். சாகப்போகிற அசுரன் ஒவ்வொருவனும் தன் இளமைக் கால வறுமை, அன்பு, இழப்பு எல்லாவற்றையும் விரித்துச் சொல்லி நம்மை அழவைத்துவிட்டுத்தான் போகிறான். தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் எதையும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் காத்திருப்பில் எல்லோரையும் மிஞ்சியது ராமாயணம்தான். யூகோ சாகோ என்ற ஜப்பானியர் 1983-ல் அகழாய்வு பற்றி ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்தவர். ராமர் கதையில் சொக்கிப்போய், நம் அனிமேஷன் கலைஞர் ராம் மோகனையும் சேர்த்துக்கொண்டு 1992-ல் ஒரு கார்ட்டூன் படமாகவே முடித்துவிட்டார். அயோத்தி விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த நேரம், தியேட்டருக்கு வரவில்லை. அப்புறம் டிவியில் பிள்ளைகள் பார்த்தார்கள். அமெரிக்கப் பதிப்பில் ராமருக்குக் குரல் கொடுத்தவர் பிரையன் கிரான்ஸ்டன். ‘பிரேக்கிங் பேட்’ பார்த்தவர்கள் கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்ளவும். கடைசியில் 2025 ஜனவரி 24 அன்று, 4கே துலக்கலோடு, தமிழிலும் சேர்த்து நம் தியேட்டருக்கு வந்தது. ராமருக்கே வனவாசம் 14 வருஷம்தான். அவர் படத்துக்கு 30-க்கும் மேல்.

அம்மா பிறந்தது கம்பர் பிறந்த தேரழுந்தூரில். அதனால் ராமாயணத்தில் யார் கைவைத்தாலும் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்ற நினைப்பு. என்னோடு வந்து பார்த்த ஒரே ஜப்பான் படம் அது. வரும் வழியில் தஞ்சாவூர் தாண்டும் வரை வாய் திறக்கவில்லை. அப்புறம் தீர்ப்பு வந்தது: “கும்பகர்ணன் சண்டை நல்லாருந்துச்சு. சீதைக்குக் கண்ணு மட்டும் கொஞ்சம் பெருசு.” எந்தப் பத்திரிகையிலும் இவ்வளவு சரியான விமர்சனத்தை நான் படிக்கவில்லை.

இனி தட்டு விவகாரம். புதுப் படத்தின் ப்ளூ-ரே அங்கே ஐயாயிரம், ஏழாயிரம் யென். பெட்டி, புத்தகம், அட்டைப்படம் எல்லாம் சேர்ந்த முதல் பதிப்பென்றால் பத்தாயிரத்துக்கு மேலேயும் போகும். ஒரு யென் அறுபது காசுக்குள்தான் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம். மனைவியைத் தேற்ற முடியாது. பெரியப்பா மகன் டோக்கியோவில் வேலை பார்க்கிறான். போன பொங்கலுக்கு வந்தவன் எனக்கென்று ஒரு சாமுராய் படத்தின் தட்டு வாங்கி வந்தான். வீடே கூடிவிட்டது. பெட்டியைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு காகிதப் பட்டை, அதில் சிவப்பும் தங்கமுமாக எழுத்து. கிழித்துவிடாமல் உருவ வேண்டும் என்றான் தம்பி. நெசவாளி அண்ணனைக் கூப்பிட்டோம். ஜரிகை இழையைத் தொடும் விரலால் அவர் பட்டையைப் பக்குவமாக நகர்த்தி, மடிப்புக் கலையாமல் எடுத்து, தட்டை என்னிடம் கொடுத்தார். பெட்டியைத் தாம் வைத்துக்கொண்டு மூலை ஒட்டியிருக்கும் சுத்தத்தைப் பார்த்து, “புடவைக்கு இப்படி ஒரு பெட்டி போட்டா இன்னும் ஆயிரம் ரூபா கூடக் கேக்கலாம்” என்றார்.

ப்ளேயர் தட்டை விழுங்கியது. முனகியது. இந்தத் தட்டு உங்கள் மண்டலத்துக்கு உரியதல்ல என்று நீலத் திரையில் எழுதிக் காட்டிவிட்டு வெளியே துப்பியது.

உலகத்தை டிவிடிக்காரர்கள் ஆறு மண்டலமாக வெட்டியபோது ஜப்பான் இரண்டு, இந்தியா ஐந்து. ப்ளூ-ரே வந்ததும் மூன்றாகச் சுருக்கினார்கள். ஜப்பான் ஏ-யில் அமெரிக்காவோடு போய்விட்டது. நம்மை சீனா, பாகிஸ்தான், ரஷ்யாவோடு சி-யில் உட்கார வைத்தார்கள். எந்த உச்சி மாநாட்டிலும் ஒத்துப்போகாத நாடுகளை ஒரே வரிசையில் நிறுத்தியது இந்தத் தட்டு ஒன்றுதான். அந்தச் சாமுராய் இப்போது எங்கள் கண்ணாடி அலமாரியில், கொலு பொம்மைகளுக்கு ஒரு படி மேலே இருக்கிறார். விருந்தாளிகள் எடுத்துப் பார்க்கலாம். படம் பார்க்க முடியாது.

தற்போது என் காத்திருப்பு ‘கொக்குஹோ’ தட்டுக்கு. லீ சாங்-இல் இயக்கி 2025 ஜூன் 6 அன்று அங்கே வெளியான படம், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். 2003 முதல் யாரும் தொடாத வசூல் சாதனையை உடைத்து, ஜப்பானில் நடிகர்கள் நடித்த ஜப்பானியப் படங்களில் முதலிடம் பிடித்தது. கபுகி நாடகத்தில் பெண் வேஷம் கட்டும் ஆண்களின் கதை. குருவின் சொந்த மகனுக்கும் வந்து சேர்ந்த பிள்ளைக்கும் நடுவே, ரத்தமா திறமையா என்ற வழக்கு. இதை எங்கள் பக்கம் யாருக்கும் பொழிப்புரை சொல்ல வேண்டாம். மெலட்டூர் பாகவத மேளாவில் நரசிம்ம ஜயந்திக்குப் பிரகலாதன் நாடகம் போடும்போது லீலாவதியாக வருவது ஆண்தான். வெங்கடராம சாஸ்திரி எழுதிய தெலுங்கு நாடகம் அது. தமிழ்நாட்டுக் கிராமத்தில், இரவெல்லாம், வசன வரி எதுவும் இல்லாமல் தெலுங்கில் நாடகம் பார்த்துப் பழகிய ஜில்லாவுக்கு ஜப்பானிய மொழி ஒரு தடையா? தடை மண்டலம்தான்.

எதிர்த்திசையில் பார்த்தால் வயிறு எரிகிறது. 1998-ல் ஷிபுயாவில் ஒரு தியேட்டரில் ‘முத்து’ மாதக்கணக்கில் ஓடியது. 2022-ல் ‘ஆர்ஆர்ஆர்’ வந்துதான் அந்த வசூல் சாதனையை முறியடித்தது. ரஜினி படம் வெளியாகிறது என்றால் விமானம் ஏறிச் சென்னைக்கே வந்துவிடும் ஜப்பானியர்கள் உண்டு. எங்கள் ஊர் ஐராவதேசுவரர் கோயிலில் கம்பிவலை போட்டிருக்கும் இசைப்படிக்குப் பக்கத்தில் ஒருநாள் ஒரு ஜப்பானியப் பயணி நின்றுகொண்டிருந்தார். விடுவேனா? எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கோரே-எடாவின் ‘மான்ஸ்டர்’ பற்றிப் பேச்சைத் தொடங்கினேன். குரோசாவாவின் ‘ரஷோமோன்’ பார்த்துவிட்டு எங்கள் வீணை எஸ். பாலசந்தர் 1954-லேயே பாட்டே இல்லாமல் ‘அந்த நாள்’ எடுத்துவிட்டார் என்றேன். அது வந்த அதே ஏப்ரல் மாதத்தில்தான் உங்கள் ‘செவன் சாமுராய்’ வந்தது என்றும் சொன்னேன். அவர் பணிவாகத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். முடித்ததும் முகம் மலர, “முத்து! ஒடோரு மஹாராஜா!” என்று தோளில் துண்டைச் சுழற்றிக் காட்டினார். அவர் முதுகுக்குப் பின்னால் கல்லில் யானைத் தலையும் காளைத் தலையும் ஒரே முகமாகச் செதுக்கியிருந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை.

ஆகவே, ஜப்பானில் வேலை பார்க்கும் கும்பகோணம், பாபநாசம், வலங்கைமான் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்கு வரும்போது பச்சைத் தேயிலை சாக்லேட் வேண்டாம். அதை இங்கே யாரும் இரண்டாவது தடவை எடுப்பதில்லை. தட்டு வாங்கி வாருங்கள். ப்ளூ-ரே வேண்டாம், 4கே தட்டாகப் பாருங்கள். அதற்கு மண்டலப் பூட்டு இல்லை. பணம் கட்டும் முன் அட்டையின் பின்பக்கத்தைக் கடைக்காரரிடம் காட்டி ‘எய்கோ ஜிமாகு’ இருக்கிறதா என்று கேளுங்கள். ஆங்கில வசன வரி இல்லாத தட்டுகள்தான் அங்கே அதிகம். மியாசாகியின் கிப்ளி ஸ்டுடியோ படங்களில் பெரும்பாலும் இருக்கும். காகிதப் பட்டையைக் கிழித்துவிடாதீர்கள், அண்ணன் கேட்கிறார்.