இரு பதிவேடுகளில் ஒரு விமானி

பிரிவுக்குக் காரணம் வகுத்த தமிழ் இலக்கணம், போருக்காகப் பிரிவதையும் பொருளுக்காகப் பிரிவதையும் தனித்தனியே வைத்தது. அகப்பாட்டின் தலைவன் ஒரு முறைக்கு ஒரு காரணத்துக்காகத்தான் வீட்டை விட்டுப் போவான். போர் முடிந்தால் தேர் திரும்பும். பொருள் சேர்ந்தால் சுரம் கடந்து வருவான். இரண்டு காரணங்களுக்காகவும் ஒரே மாதத்தில் மாறி மாறிப் பிரிகிற ஒருவரைப் பற்றியது இக்கட்டுரை. அவர் அமெரிக்காவில் இருக்கிறார். பயணிகள் விமானத்தில் கேப்டன் அல்லது துணை விமானி. அதே சமயம் விமானப்படை ரிசர்வ், ஏர் நேஷனல் கார்டு, கடற்படை ரிசர்வ் என ஏதாவது ஒன்றில் அதிகாரி. விமானப்படையில் ஓய்வு பெற்றபின் விமான நிறுவனத்தில் சேர்ந்தவர்களை நம் நாட்டில் பார்த்திருக்கிறோம். அவர்கள் ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்கியவர்கள். இவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

இப்படி ஒருவர் ஏன் தேவைப்படுகிறார் என்பதைப் பணக்கணக்கே சொல்லிவிடும். ராண்ட் ஆய்வு நிறுவனம் 2019இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஓர் எஃப்-22 போர் விமானியைத் தயார் செய்ய 1 கோடியே 9 லட்சம் டாலர் ஆகிறது. எஃப்-16 விமானிக்கு 56 லட்சம். சி-17 சரக்கு விமானத்தை ஓட்டுபவருக்கு 11 லட்சம். இவ்வளவு செலவழித்துப் பயிற்சி கொடுத்து, பின் 10 ஆண்டு கட்டாயப் பணி வாங்குகிறது அரசு. அந்த 10 ஆண்டு முடியும்போது அவர் முப்பதுகளின் நடுவை எட்டியிருப்பார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். விமான நிறுவனங்கள் நல்ல சம்பளத்தோடு காத்திருக்கும். அவரை முழுசாக இழக்க அரசுக்கு மனமில்லை. முழுசாக வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. இந்த இடைவெளியில்தான் ரிசர்வ் விமானி பிறக்கிறார்.

மாதத்தில் ஒரு வார இறுதி, ஆண்டில் இரண்டு வாரம் என்பது ஆள்சேர்ப்பு விளம்பரத்தில் வரும் கணக்கு. காலாட்படைக்கோ அலுவலகப் பணிக்கோ அது ஓரளவு பொருந்தலாம். விமானிக்குப் பொருந்தாது. வானில் எரிபொருள் ஏற்றுவது, இரவில் இறங்குவது, கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவது போன்றவற்றை இத்தனை நாளுக்கு இத்தனை முறை செய்தால்தான் அவருக்குத் தகுதி நீடிக்கும். ஆகவே நடு வாரத்திலும் ஸ்குவாட்ரனுக்குப் போய்ப் பறந்துவிட்டு வருவார்.

மறுபக்கம் விமான நிறுவனம். அங்கே விமானியின் வாழ்க்கையை ஆள்வது பணிமூப்பு எண். சேர்ந்த தேதியில் கிடைக்கும் அந்த எண்ணை வைத்துத்தான் எந்த ஊரைத் தளமாகக் கொள்வது, எந்த வகை விமானம் ஓட்டுவது, எப்போது இடப்பக்க இருக்கைக்கு மாறிக் கேப்டன் ஆவது, கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பதா ஹோட்டலில் இருப்பதா என்பதெல்லாம் முடிவாகும். திறமைக்கு அங்கே தனி வரிசை இல்லை. ஆகவே படை அழைத்துப் போகும்போது விமானிக்கு எழும் முதல் அச்சம் எண் போய்விடுமோ என்பதுதான்.

இந்த அச்சத்தை அமெரிக்கச் சட்டம் நேர்மையாகவே தீர்த்து வைத்திருக்கிறது. திரும்பி வருபவருக்குப் பழைய வேலை உண்டு என்ற வாக்குறுதி 1940இன் கட்டாய ராணுவ சேவைச் சட்டத்திலேயே இருந்தது. 1946இல் ஃபிஷ்கோல்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்குப் பொருள் சொன்னது. பணிமூப்பு ஓர் எஸ்கலேட்டர். படைக்குப் போனவர் திரும்பும்போது, முன்பு இறங்கிய படியில் அவரை ஏற்றக்கூடாது. இறங்காமலே நின்றிருந்தால் இந்நேரம் எந்தப் படிக்கு வந்திருப்பாரோ அதில் ஏற்ற வேண்டும். இது நீதிபதி டக்ளஸ் எழுதிய தீர்ப்பின் சாரம். வழக்குப் போட்டவர் கப்பல் பட்டறை வெல்டர். அவர் வழக்கில் தோற்றார், ஆனால் இந்தக் கொள்கை நிலைத்துவிட்டது. 1994இல் வந்த மறுவேலை உரிமைச் சட்டமும் இதன்மேல்தான் நிற்கிறது. ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே மொத்தம் 5 ஆண்டு வரை படைப் பணிக்குப் போய்வரலாம், எண் பறிபோகாது. வேந்தன் தொழிலுக்காகப் பிரிபவன் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்று தொல்காப்பியர் எல்லை வைத்தார். வாஷிங்டன் இன்னும் தாராளமாக இருந்திருக்கிறது. அந்த 5 ஆண்டிலும் சேராத விதிவிலக்குப் பணிகள் பல உண்டு.

எண் பத்திரமாக இருக்கிறது. சம்பளம்தான் அப்படியில்லை. விமானிக்குப் பறந்த மணிக்கே கூலி. அடுத்த மாத ரோஸ்டருக்கு முந்தைய மாதமே விருப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். படைத் தேதி முன்கூட்டித் தெரிந்தால் அதற்கு இடம் விட்டு எழுதலாம். ரோஸ்டர் வந்தபின் அழைப்பு வந்தால், ஒதுக்கிய பயணத்திலிருந்து பெயரை நீக்குவார்கள். அந்த மணிகளுக்கான பணம் பொதுவாகக் கைக்கு வராது. ஸ்குவாட்ரனில் ஒரு வார இறுதி நான்கு அமர்வாகக் கணக்கிடப்பட்டு, நான்கு நாள் அடிப்படைச் சம்பளமும் ஓய்வூதியத்துக்கு நான்கு புள்ளியும் கிடைக்கும். மூத்த கேப்டன் ஒருவருக்கு அது விட்டுப்போன பயணத்தின் கூலிக்கு ஈடாகாது. ஜூரிப் பணிக்கும் வீட்டுத் துக்கத்துக்கும் சம்பளத்தோடு லீவு தருகிறீர்களே, சில நாள் படைப் பணிக்கு ஏன் தருவதில்லை என்று ரிசர்வ் விமானிகள் நீதிமன்றம் போயிருக்கிறார்கள். சம்பளத்துடன் கூடிய விடுப்பும் 1994 சட்டம் காக்கும் சலுகைகளில் அடங்கும் என்று 2021இல் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. எந்த விடுப்போடு எதை ஒப்பிடலாம் என்ற வாதம் வழக்குக்கு வழக்கு தொடர்கிறது.

பணம் குறைந்தும் ஏன் போகிறார்கள்? இதற்கு மிசிசிப்பி மாநிலத்து பிலாக்சியில் பதில் இருக்கிறது. அங்குள்ள கீஸ்லர் விமானப்படைத் தளத்தில் 53ஆவது வானிலை உளவு ஸ்குவாட்ரன் இயங்குகிறது. முழுக்க ரிசர்வ் படையினரைக் கொண்டது. பொதுமக்கள் வைத்த பெயர் ஹரிக்கேன் ஹண்டர்ஸ். விமான நிறுவன விமானிகளும் இதில் பறக்கிறார்கள். பயணிகள் விமானத்தில் ரேடார் திரையில் சிவப்பு தெரிந்தால், கடும் இடிமேகத்திலிருந்து குறைந்தது 20 மைல் விலகிப் போ என்பது பாடம். அதே விமானி பிலாக்சியில் டபிள்யூசி-130ஜே விமானத்தில் ஏறினால், அந்தச் சிவப்பின் நடுவே போவதுதான் வேலை.

நான்கு புரொப்பெல்லர் கொண்ட அந்த விமானம் சுமார் 10,000 அடி உயரத்தில் புயலுக்குள் நுழையும். வட கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுவதால், மையத்தை நோக்கிப் போகும்போது காற்று இடப்பக்கமிருந்து தள்ளும். விமானி மூக்கை இடப்புறம் திருப்பி வைத்து, பக்கவாட்டில் நகர்ந்தபடி நேர்கோட்டைக் காப்பார். புயலின் கண்ணைச் சூழ்ந்த மேகச்சுவரில் மழை கண்ணாடியை மறைத்துவிடும். பின்னால் அமர்ந்திருக்கும் வானிலை அதிகாரி காற்றின் வேகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவார்; காற்று தணிந்து திசை மாறும் புள்ளியே மையம். அங்கே லோட்மாஸ்டர் ஒரு முழ நீளமுள்ள குழலைக் கீழே விடுவார். சிறு பாரசூட்டில் கடலை நோக்கி இறங்கும் அது அழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்று என அனைத்தையும் அளந்து விமானத்துக்கு அனுப்பும். விமானத்திலிருந்து மயாமியில் உள்ள தேசியப் புயல் மையத்துக்குச் செயற்கைக்கோள் வழியே போகும். பிறகு மறுபக்கச் சுவரைத் துளைத்து வெளியேறி, திரும்பி, வேறு திசையிலிருந்து மீண்டும் நுழைவார்கள். ஒரு பணி 10, 11 மணி நேரம் நீளும். கரையோர ஊர்களை எப்போது காலி செய்யச் சொல்வது என்பது இந்த அளவுகளையும் நம்பி எடுக்கப்படும் முடிவு. செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கிறது. கடல்மட்ட அழுத்தத்தை உள்ளே போய் அளப்பதற்கு இன்றும் இந்த விமானம் வேண்டும். 2005இல் கத்ரீனா புயல் கீஸ்லர் தளத்தையே சிதைத்தபோது, ஸ்குவாட்ரன் ஜார்ஜியாவின் டாபின்ஸ் தளத்துக்கு மாறி அங்கிருந்து பறந்தது. பறந்தவர்களில் பலருக்கு அப்போது திரும்பிப் போக வீடு இல்லை. இதைப் பகுதிநேர வேலை என்று எந்த அகராதியை வைத்துச் சொல்வது?

இன்னொருவரையும் இங்கே நினைக்க வேண்டும். சார்லஸ் பர்லிங்கேம் 1971இல் கடற்படை அகாடமியில் பட்டம் பெற்று எஃப்-4 ஃபேன்டம் ஓட்டியவர். 1979இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் சேர்ந்தார். கடற்படை ரிசர்விலும் தொடர்ந்து, அதில் கேப்டன் பதவி வரை உயர்ந்து 1996இல் ஓய்வு பெற்றார். ரிசர்வ் பணியில் அவர் பென்டகனில் வேலை பார்த்திருக்கிறார். 2001 செப்டம்பர் 11 அன்று வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் புறப்பட்ட 77ஆம் எண் விமானத்தின் கேப்டன் அவர்தான். கடத்தியவர்கள் அதை மோதவிட்ட கட்டடம் பென்டகன். மறுநாள் அவருக்கு 52 வயது நிறைந்திருக்கும்.

ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அவருக்குத் தனிக் குழி கேட்டது குடும்பம். அங்கே ஒரு விதி குறுக்கே வந்தது. ரிசர்வ் படையினர் 20 ஆண்டு தகுதியோடு ஓய்வு பெற்றாலும், அப்போது ஓய்வூதியம் 60 வயதில்தான் தொடங்கும். அந்த வயதை எட்டாதவருக்கு ஆர்லிங்டனில் அன்று தனி இடம் இருக்கவில்லை. அங்கே புதைக்கப்பட்டிருந்த அவருடைய பெற்றோரின் குழியில் சேர்த்து அடக்கலாம் என்றார்கள். குடும்பம் ஒப்பவில்லை. செய்தி வெளியே வந்து மக்கள் கொதித்தபின், 2001 டிசம்பரில் விதிவிலக்குக் கிடைத்தது. உயிரோடிருந்தபோது படை அவரைக் கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் முழு அதிகாரியாக நடத்தியது. வளைகுடாப் போரின்போதும் பணிக்கு எடுத்துக்கொண்டது. இறந்தபின் வயதைக் கேட்டது. விதியை எழுதியவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ரிசர்வ் படையினரை அரை மனிதராக எண்ணிப் பழகிய கை அப்படித்தான் எழுதும்.

ஓர் ஆளின் பாதியை மட்டும் பார்க்கும் இந்தப் பழக்கம் கல்லறையோடு நிற்பதில்லை. 1951இல் தொடங்கிய சிவில் ரிசர்வ் ஏர் ஃப்ளீட் என்ற திட்டப்படி, நெருக்கடிக் காலத்தில் தனியார் விமானங்கள் படையினரையும் சரக்கையும் ஏற்றிப் போக ஒப்புக்கொண்டிருக்கின்றன. வளைகுடாப் போருக்கு 1990இலும், ஈராக் போருக்கு 2003இலும், காபூலை விட்டு வெளியேறிய 2021 ஆகஸ்டிலும் அது செயலுக்கு வந்தது. கடைசி முறை 6 நிறுவனங்களின் 18 விமானங்கள் போயின. அந்த விமானத்தை ஓட்ட நிறுவனத்துக்கு விமானி வேண்டும். அதே வாரத்தில் சி-17 ஓட்ட ரிசர்வுக்கும் விமானி வேண்டும். இரண்டு பட்டியலிலும் ஒரே ஆளின் பெயர் இருக்கலாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது உறக்கக் கணக்கு. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தபின், விமானிகளின் களைப்பு பற்றி நாடே பேசியது. அதன் விளைவாக வந்த புதிய பணிநேர விதிகள் 2014 ஜனவரி முதல் நடப்பில் உள்ளன. 28 நாளில் 100 மணி, ஓராண்டில் 1,000 மணி, இதற்குமேல் பறக்கக்கூடாது. பணிக்கு முன் 10 மணி ஓய்வு, அதில் 8 மணி தூங்க வாய்ப்பு. நல்ல விதிகள். ஆனால் அவை எண்ணுவது விமான நிறுவனங்களுக்காகப் பறந்த மணிகளை. ஓய்வு என்றால் நிறுவனம் எந்த வேலையும் சுமத்தாத நேரம் என்பது பொருள். விமானப்படைக்கும் தன் விதி உண்டு. பறக்குமுன் 12 மணி ஓய்வு என்று அதுவும் கண்டிப்பாக இருக்கிறது, தன் கணக்கில் மட்டும். ஆகவே சனியும் ஞாயிறும் அட்லாண்டிக்குக்கு மேல் டேங்கர் விமானம் ஓட்டிவிட்டு வருபவர், நிறுவனத்தின் பதிவேட்டில் இரண்டு நாள் ஓய்வில் இருந்தவர்.

அந்தப் பதிவேட்டில் வராத ஊர்களும் உண்டு. பணிமூப்பு குறைந்த விமானிக்குத் தளம் சிகாகோவில் கிடைக்கும், ஸ்குவாட்ரன் சார்ல்ஸ்டனில் இருக்கும், மனைவி மக்கள் டென்னஸியில் இருப்பார்கள். ஜம்ப் சீட் என்ற மடக்கு இருக்கையில், காலியாக இருந்தால், ஓசியில் உட்கார்ந்து இந்த மூன்றுக்கும் இடையே போய்வருவார். இருக்கை கிடைக்காத இரவில் விமான நிலைய ஓய்வறை நாற்காலிதான் படுக்கை. மறுநாள் அவர் பின்னால் 180 பேர் இருப்பார்கள்.

களைப்பாக இருந்தால் நானே பறக்க மாட்டேன் என்று சொல்லும் பொறுப்பை விதி விமானியிடமே விட்டிருக்கிறது. பெரும்பாலானோர் அதை மனச்சாட்சியோடு செய்கிறார்கள். அமெரிக்க விமானப் பயணம் இவ்வளவு பாதுகாப்பாக இருப்பதே அதற்குச் சாட்சி. ஆனால் மூப்பு எண்ணைக் காக்க ஒரு சட்டமும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் உள்ள நாட்டில், உறக்கத்தைக் காக்க அவருடைய மனச்சாட்சி மட்டும் போதும் என்று விடுவது சரியில்லை. 1994 சட்டத்தில் ஒரு நல்ல வரி உண்டு: ஒரு மாதத்துக்குள் முடியும் படைப் பணியிலிருந்து வருபவர், வீடு வந்து சேர்ந்து 8 மணி நேரம் கழிந்தபின் வேலைக்கு வந்தால் போதும். இந்த வரியை எழுதியவர்களுக்கு மனித உடல் ஒன்றுதான் என்பது தெரிந்திருந்தது.

படையில் பறந்த மணிகளையும் அந்த 1,000 மணிக்குள் சேர்க்க வேண்டும். ரிசர்வ் விமானிகளே இதை எதிர்க்கக்கூடும். நிறுவனத்தில் பறக்கும் மணி குறைந்தால் சம்பளம் குறையும், பிள்ளைகளின் படிப்பில் கை வைக்கும். அது நியாயமான எதிர்ப்பு. கோடிக்கணக்கில் செலவழித்துத் தயாரித்த விமானியைப் பாதி விலைக்கு வைத்துக்கொண்டிருப்பது அரசுதான். அந்தச் சம்பள இழப்பை, அவரை அழைத்த அரசே கட்ட வேண்டும்.