ஓட்டுநரின் கொட்டாவி குறித்த விண்ணப்பம்

அனுப்புநர்:
லாரி ஓட்டுநர் ஒருவர்,
நாமக்கல்.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
புது தில்லி.

பொருள்: லாரி கேபினுக்குள் ஓட்டுநரின் முகத்தை நோக்கிக் கேமரா பொருத்துதல் – நன்றி தெரிவித்தல் – மேலும் சில கேமராக்கள் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அமைச்சகத்தின் 2025 மார்ச் மாத வரைவு அறிவிப்பு.

ஐயா,

முதலில் நன்றி. இத்தனை வருஷம் லாரி ஓட்டியும் என் முகத்தை யாரும் நின்று பார்த்ததில்லை. செக்போஸ்ட்டில் கையைப் பார்ப்பார்கள். சுங்கச்சாவடியில் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேகைப் பார்ப்பார்கள். லோடு இறக்கும் இடத்தில் தார்ப்பாயைப் பார்ப்பார்கள். கிழிந்திருந்தால் மட்டும் என்னைப் பார்ப்பார்கள். இப்போது கேபினுக்குள் வந்திருக்கும் கேமரா சரக்கைப் பார்ப்பதில்லை, ரோட்டையும் பார்ப்பதில்லை. இரவும் பகலும் என் முகத்தை மட்டுமே பார்க்கிறது. பெண் பார்க்கப் போன அன்றுகூட என்னை யாரும் இவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

பெரிய பஸ், லாரிகளில் ஓட்டுநருக்குத் தூக்கம் வந்தால் எச்சரிக்கும் கருவி இருக்க வேண்டும் என்கிறது தங்கள் வரைவு அறிவிப்பு. அது புதிதாகத் தயாராகும் வண்டிகளுக்கு. எங்கள் முதலாளி அதுவரை காத்திருக்கவில்லை. லோடு கொடுக்கும் கம்பெனி “கேமரா இருக்கிற வண்டிதான் வேணும்” என்றதும், ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளிலேயே மாட்டிவிட்டார். ஷெட்டில் நான் டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. லாரி கேபினுக்கு ஏ.சி. வேண்டும் என்று அமைச்சர் சொன்னபோது, செலவு கூடும் என்று எதிர்ப்பு வந்ததாக அவரே மேடையில் சொன்னார். ஒருவழியாக 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளுக்கு அது கட்டாயமானது. என்னுடைய பழைய வண்டிக்கு அதுவும் இல்லை. எனக்குக் குளிர்காற்று வர இத்தனை காலம், என்னைக் கண்காணிக்க ஒரு டீ நேரம். நம் நாட்டில் வேலை மெதுவாக நடக்கிறது என்று இனி யாரும் குறை சொல்லக் கூடாது.

கேபின் என்பது ஆபீஸ் என்று தங்களிடம் சொல்லியிருப்பார்கள். நாமக்கல்லில் லோடு ஏற்றி வடக்கே போனால் வீடு திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அதுவரை சாப்பாடு, தூக்கம், துணி மாற்றுவது எல்லாம் அதற்குள்தான். இருக்கைக்குப் பின்னால் உள்ள பலகைதான் படுக்கை. டேஷ்போர்டில் முருகன், அவருக்கு மேலே கேமரா. காலையில் பூ வைத்துக் கும்பிட்டால் கும்பிடு யாருக்குப் போகிறது என்று எனக்கே சந்தேகம். இருட்டிலும் தெரியும்படி அகச்சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்களாம். ஆகவே விளக்கை அணைத்துவிட்டு லுங்கி மாற்றுவதிலும் பயனில்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு வீட்டுக்காரியிடம் பேசினால், மகளின் காலேஜ் ஃபீஸ் கதை அதற்குக் கேட்குமா என்று முதலாளியிடம் கேட்டேன். “மைக் இருக்குது, ஆஃப் பண்ணித்தான் வெச்சிருக்குது” என்றார். யார் ஆஃப் பண்ணுவது, யார் ஆன் பண்ணுவது என்று கேட்டேன். “அதெல்லாம் உனக்கெதுக்கு” என்றார்.

கருவி வேலை செய்யும் விதத்தை, மாட்ட வந்த பையன் பொறுமையாக விளக்கினான். இமை எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, வாய் எவ்வளவு திறக்கிறது என்று அது கணக்கு வைக்கும். அளவு மீறினால் கத்தும். கத்துவதோடு நிற்காது. அந்தச் சில நொடிப் படத்தை வெட்டி முதலாளியின் செல்போனுக்கு அனுப்பும். என் மதிப்பெண்ணிலும் கை வைக்கும். ஆமாம் ஐயா, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனுக்கு இப்போது மாதாமாதம் ராங்க் கார்டு வருகிறது. தொப்பூர் கணவாயில் பாரத்தோடு இறங்கும்போது இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பைக்கில் வருகிறவர் எந்தப் பக்கம் நுழைவார் என்று அவருக்கே தெரியாது. நான் கண்ணாடியைப் பார்த்தேன். கருவி ‘கவனச் சிதறல்’ என்று எழுதிக்கொண்டது. எதிர்வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினேன், ‘தூக்கம்’ என்றது. வெற்றிலை மென்றேன், ‘கொட்டாவி’. முருகா என்றேன், அதுவும் கொட்டாவி.

மதிப்பெண் குறைந்தால் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வரும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே வரும். எடுக்காவிட்டால் ஏன் எடுக்கவில்லை என்று கேள்வி. எடுத்தால், காதில் போன் வைத்ததற்கு இன்னொரு படம். “அண்ணே, வண்டி ஓட்டுறப்போ போன் பேசாதீங்க” என்று சொல்வதற்காகத்தான் அந்தத் தம்பி போன் செய்திருப்பார்.

இதையெல்லாம் சொல்வதால் நான் தூங்கிக்கொண்டே ஓட்ட உரிமை கேட்பதாக எண்ண வேண்டாம். தூக்கம் ஆளைக் கொல்லும்; பெரும்பாலும் எதிரே வருகிறவரையும் சேர்த்துக் கொல்லும். விடியற்காலை 3 மணிக்கு மேல் கண் என்ன பாடுபடும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் ஒரு பஸர் கத்தி எழுப்பினால் அதற்கு மாலையே போடுவேன். சேவ்லைஃப் என்ற தொண்டு நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஆய்வில், லாரி ஓட்டுநர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் களைப்பிலும் தூக்கக் கலக்கத்திலும் ஓட்டுவதாகச் சொன்னார்கள். ஒரு நாளைக்குச் சராசரியாக 12 மணி நேரம் ஓட்டுகிறோம் என்பதும் அதில் வந்தது. எங்களுக்குத் தூக்கம் வருகிறது என்பதைக் கேமரா வந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. ஏன் வருகிறது என்பதை அது கண்டுபிடிக்கப் போவதும் இல்லை, ஏனென்றால் அதற்கான காரணம் எதுவும் என் முகத்தில் இல்லை.

காரணம் கம்பெனி கேட்டில் இருக்கிறது. காலை 8 மணிக்கு வரச்சொல்லி இரவு 10 மணிக்கு லோடு ஏற்றுவார்கள். வெயிலில் காத்துக்கிடந்த அந்தப் பகல் முழுவதும் கணக்கில் ‘ஓய்வு’. ஏற்றி முடித்ததும், “விடியறதுக்குள்ள ஓசூர் தாண்டிரு” என்பார் புக்கிங் ஆபீஸ்காரர். காரணம் படியில் இருக்கிறது: காசு நடைக்குத்தான், நாளுக்கு இல்லை, படுத்துத் தூங்கினால் அடுத்த நடை தள்ளிப்போகும். காரணம் பக்கத்து இருக்கையில் இருக்கிறது: முன்பு அங்கே பேச்சுத்துணைக்கும் ரிவர்ஸ் பார்க்கவும் ஒரு கிளீனர் பையன் இருந்தான்; அவன் சம்பளத்தை மிச்சம் பிடித்துவிட்டுத்தான் கேமரா வாங்கினார்கள். காரணம் ரோட்டோரத்தில் இருக்கிறது: டீசல் டேங்க் மூடியையும் தார்ப்பாய்க் கயிற்றையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேதான் தூங்க வேண்டும். மறுநாள் அந்தக் கண் சொருகுவதைத்தான் கருவி பிடிக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. நாளுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்வதானால் நடுவே அரை மணி ஓய்வு என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 5 பேராவது வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்களே நிறைந்த தொழிலில் அது யாரைப் போய்ப் பிடித்திருக்கும்? விமானிகளுக்கு இருப்பதுபோல் லாரி ஓட்டுநர்களுக்கும் ஓட்டும் நேரத்தை வரையறுக்க வேண்டும் என்று 2021இல் அமைச்சர் சொன்னார். தூக்கத்தைக் கண்டறியும் சென்சாரும் வேண்டும் என்றார். இரண்டில் சென்சார் முந்திக்கொண்டது. சரக்கோடு வரும் இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று 2021 ஜனவரியிலிருந்து ஆயுள் கணக்கு இருக்கிறது. காகிதம் ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகும் என்று அரசு யோசித்திருக்கிறது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறவனுக்கு அந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

ஆகவே, இக்கருவியின் அருமையை நன்கு உணர்ந்தவன் என்ற முறையில், கீழ்க்காணும் இடங்களிலும் அதைப் பொருத்தித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்:

1. முதலாளியின் முகத்துக்கு எதிரே. நள்ளிரவில் “எங்க இருக்கற, எப்பப் போய்ச் சேருவ” என்று அவர் கேட்கும் நொடியில் பஸர் அடிக்க வேண்டும்.

2. லோடு ஏற்றும் கம்பெனி வாசலில். லாரி வந்த நேரத்தையும் உள்ளே விட்ட நேரத்தையும் குறித்துக்கொண்டு, தாமதத்துக்கு மேலாளரின் மதிப்பெண்ணில் கழிக்க வேண்டும்.

3. எடைமேடையில். அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்றது 2019ஆம் ஆண்டுத் திருத்தம். வண்டியை நிறுத்தும்போது மாட்டிக்கொள்கிறவன் நான். ஏற்றச் சொன்னவரின் முகம் இதுவரை எந்தப் படத்திலும் விழவில்லை.

4. மாநில எல்லைச் சோதனைச் சாவடிகளில், கை தெரிகிற உயரத்தில். முகம் வேண்டாம், அவர்களுடைய அந்தரங்கத்தை நாங்கள் மதிக்கிறோம்.

5. காப்பீட்டுக் கம்பெனியில், இழப்பீட்டுக் கோப்புகள் தூங்கும் மேஜையில். எத்தனை மாதம் கண் மூடியிருந்தால் பஸர் அடிக்கலாம் என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

அடுத்து, பொறுப்பு யாருடையது என்ற விஷயம். பாதுகாப்புக்காகத்தான் கேமரா என்றார்கள். யாருடைய பாதுகாப்பு என்பது விபத்து நடந்த பிறகுதான் தெரியும். பதிவு கம்பெனி சர்வரில் இருக்கும். திறக்கும் பாஸ்வேர்டு முதலாளியிடம். நான் கண் சொருகியதாகப் படம் இருந்தால் அது ஒரே நாளில் போலீசுக்கும் காப்பீட்டுக் கம்பெனிக்கும் போய்ச் சேரும். நான் விழித்திருந்ததாகப் படம் இருந்தால், அன்றைக்கு நெட்வொர்க் இருந்திருக்காது. மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் காட்ட, பாரதிய சாக்ஷிய அதினியம் 63ஆம் பிரிவின்படி அந்தக் கருவிக்குப் பொறுப்பானவரின் சான்றிதழும் வேண்டும். வண்டி அவருடையது, கருவியும் அவருடையது. என் கண் திறந்திருந்தது என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் என் கண் திறந்திருந்ததாக ஆகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டுகிறேன். ஒரே இரவில் கருவி பலமுறை கத்தினால் ஒவ்வொரு முறையும் முதலாளிக்குச் செய்தி போகிறது. ஆக, வண்டியில் ஒருவன் தூக்கத்தோடு போராடுகிறான் என்பது அவருக்கு நேரம் தவறாமல் தெரிகிறது. தெரிந்தும் “ஓரங்கட்டிப் படுடா” என்று சொல்லாதவரை எந்தப் பிரிவில் சேர்ப்பது? வக்கீல்களிடம் கேட்டுப் பார்த்தேன். எனக்கான பிரிவைத்தான் உடனே எடுத்துக் காட்டினார்கள். விபத்தில் உயிர் போன பிறகு போலீசுக்குச் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்ற பாரதிய நியாய சன்ஹிதா 106(2). அதற்காக 2024 ஜனவரியில் நாடு முழுக்க லாரிகள் நின்றன. அந்த ஆண்டு ஜூலை 1இல் சட்டம் நடப்புக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தீர்கள். அதற்கும் நன்றி. நாங்கள் ஓடுவது கல்லோடு வருகிற கூட்டத்துக்குப் பயந்து. அந்த நேரத்திலும் கேமரா பயந்த முகத்தைத்தான் படம் எடுக்கும். கூட்டம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

லாரிக்காரனுக்கு என்ன அந்தரங்கம் என்று சிரிக்க வேண்டாம். அது அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். லாரி ஓட்டுநர் நீங்கலாக என்று அவர்கள் எழுதவில்லை. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது மகிழ்ந்தேன். அதன் 7ஆம் பிரிவை ஒருவர் படித்துக் காட்டினார்: வேலை நிமித்தமாகவோ, முதலாளியை நஷ்டத்திலிருந்தும் பொறுப்பிலிருந்தும் காப்பாற்றவோ என்றால், வேலையாளின் சம்மதம் கேட்காமலே அவர் தரவைக் கையாளலாமாம். 2021இல் அமெரிக்காவில் அமேசான் டெலிவரி வேன்களில் இப்படிக் கேமரா வைத்தபோது ஓட்டுநர்களிடம் சம்மதப் படிவம் நீட்டினார்கள்; கையெழுத்துப் போடாவிட்டால் வேலை இல்லை. நம் சட்டம் எங்களுக்கு அந்தச் சிரமத்தையும் வைக்கவில்லை. பேனா மை மிச்சம்.

ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதே தூக்க எச்சரிக்கைக் கருவி கட்டாயம்தான். 2019/2144 எண் கொண்ட ஒழுங்குமுறைப்படி 2024 ஜூலை முதல் அங்கே எல்லாப் புது வண்டிகளிலும் அது வருகிறது. கூடவே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள்: கருவி தொடர்ந்து பதிவு செய்துகொண்டிருக்கக் கூடாது, தரவு மூன்றாமவர் கைக்குப் போகக் கூடாது, வேலை முடிந்த உடனே அழிந்துவிட வேண்டும். ஓட்டுநரை எழுப்பு, கோள் சொல்லாதே என்று அர்த்தம். இரண்டும் ஒரே வயரில் வந்தே தீர வேண்டும் என்ற விதி இயந்திரத்தில் இல்லை. வாங்குகிறவர்தான் இரண்டையும் சேர்த்துக் கேட்கிறார்.

எனவே என் கோரிக்கை இவ்வளவுதான். நான் தூங்கினால் கருவி கத்தட்டும், எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும். வண்டி நின்றதும் கேமராவும் நிற்க வேண்டும். பதிவு எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு பிரதி அதே நிமிடத்தில் என் போனுக்கும் வர வேண்டும். முதலாளிக்கு எச்சரிக்கை போன நேரமும் அதற்கு அவர் செய்ததும் அதே கோப்பில் இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் ஓட்டினேன், எத்தனை மணி நேரம் காத்துக் கிடந்தேன் என்பது படத்தின் ஓரத்தில் எழுதியிருக்க வேண்டும். ஒருவன் 16ஆவது மணி நேரத்தில் கொட்டாவி விட்டால், அது 16ஆவது மணி நேரம் என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும். ரோட்டை நோக்கும் கேமராவை ஒன்றுக்கு இரண்டாகவே மாட்டுங்கள். தப்பு யாருடையது ஆனாலும் பெரிய வண்டிக்காரன் மேல்தான் கேஸ் என்ற வழக்கத்துக்கு அது ஒன்றுதான் மருந்து.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லாரி ஓட்டுநர்.

இணைப்பு:
1. ஓட்டுநர் உரிமத்தின் நகல்.
2. காத்திருந்த நேரக் கணக்கு, கைப்பட எழுதியது.
3. மேற்படி கேமராவின் பதிவு: இணைக்கப்படவில்லை. என்னிடம் பிரதி கிடையாது. முதலாளி, லோடு கொடுக்கும் கம்பெனி, கருவி விற்ற கம்பெனி ஆகியோரிடம் இருக்கிறது. தேவைப்பட்டால் கேட்டு வாங்கிக்கொள்ளவும். கிடைத்தால் எனக்கும் ஒன்று அனுப்பி உதவவும்.