ஓட்டெடுப்பு அண்ணன்

லோயர்கேம்ப்பில் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் இருபோக நிலம் 14,707 ஏக்கர். இதற்குள் வாட்ஸ்அப் குழு இல்லாத வாய்க்காலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். குழு இருந்தால் ஓட்டெடுப்பு அண்ணனும் இருப்பார். விடிகாலை ஐந்தரைக்கே பெரியாறு எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு, வைகை எத்தனை அடி என்று கணக்கு ஒப்பித்துவிடுவார். கூடவே பனித்துளி விழுந்த ரோஜாவில் ஒரு காலை வணக்கம். அதோடு நிறுத்திக்கொண்டால், பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்கிற இந்த ஊர்க்காரர்கள் அவருக்கும் ஒரு கை அரிசி கூடப் போடுவார்கள். ஆனால் ஆறு மணி அடித்ததும் அவருக்குள் ஒரு தேர்தல் ஆணையம் எழுந்து பல் விளக்க ஆரம்பித்துவிடுகிறது. ‘முதல் போகத்துக்கு நாற்று எப்போது பாவலாம்?’ என்று கேள்வி வரும். ஒன்று, இந்த வாரம். இரண்டு, அடுத்த வாரம். மூன்று, தண்ணீர் வந்த பிறகு. நான்கு, பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஐந்து, அண்ணன் சொன்னால் சரி. கடைசி இரண்டுக்கும் ஓட்டு குவியும். ஊரே பெரும்பான்மைக்குக் கட்டுப்படத் தயார். அந்தப் பெரும்பான்மையாக இருக்கத்தான் ஆள் இல்லை.

அண்ணனைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். அவர் கையில் இருக்கும் கருவியையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2022 கடைசியில் வாட்ஸ்அப்பில் இந்த ஓட்டெடுப்பு வசதி வந்தபோது, ஒரு கேள்விக்குப் பன்னிரண்டு பதில்வரை வைக்க இடம் கொடுத்தார்கள். யாரும் தடுத்து வைக்காவிட்டால் ஒரே ஆள் நாலைந்து பதிலைத் தொடலாம். அதனால் நாற்பது பேர் ஓட்டுப் போட்டு எழுபது ஓட்டு விழுந்தாலும் அது கள்ள ஓட்டு ஆகாது. காலையில் போட்டதைச் சாயங்காலம் மாற்றலாம். எல்லாவற்றையும்விட, யார் எதற்குப் போட்டார் என்று பெயரோடு தெரிகிறது. மாமா ‘இந்த வாரம்’ என்று தொட்டிருக்க, அவர் வீட்டில் பெண் எடுத்த மருமகன் ‘அடுத்த வாரம்’ என்று தொடுவாரா? அவருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பான பதில் ஐந்தாவதுதான். ஆக அந்த ஓட்டெடுப்பு ஊரின் மனசை அளக்கவில்லை, உறவுமுறையை அளக்கிறது. இதெல்லாம் போக, போட்ட ஓட்டு போட்டவரை எதற்கும் கட்டுப்படுத்துவதில்லை. ‘அடுத்த வாரம்’ என்று தொட்ட விரலின் ஈரம் காயுமுன் சொந்த நாற்றங்காலில் விதை தூவுகிறவர்களும் உண்டு.

இணையத்தில் கூடி முடிவெடுப்பதே ஆகாத காரியம் என்று இதற்கு அர்த்தமில்லை. பக்கத்திலேயே போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் இருக்கிறது. வாயால் கூவிக் கேட்ட ஏலத்தை நறுமணப் பொருள் வாரியம் 2007இல் கணினிக்கு மாற்றியது. மாதிரிக் காய் ஒவ்வொரு வியாபாரியின் மேசைக்கும் வரும். விரலால் கிளறுவார், நிறம் பார்ப்பார், ஒன்றை உடைத்து மோந்துவிட்டுப் பொத்தானை அழுத்துவார். திரையில் விலை ஏறும், நிற்கும், அடுத்த குவியல் வந்துவிடும். ‘நல்ல பதிவு அண்ணே’ என்று யாரும் கைகூப்புவதில்லை. அழுத்தியவர் பணம் கட்டியாக வேண்டும் என்பதும், கதவு எப்போது சாத்தப்படும் என்று எல்லாருக்கும் தெரியும் என்பதும்தான் அங்கே வேலையை நடத்துகின்றன. அண்ணனின் ஓட்டெடுப்பில் இல்லாதவையும் இந்த இரண்டுதான்.

விலை பேசுவதும் ஊர்க்காரியம் பேசுவதும் ஒன்றா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏலத்தில் ஒருவர் ஜெயித்தால் போதும்; வாய்க்காலில் கடைமடைக்காரரும் ஒப்ப வேண்டும். ஆனால் அதற்கென்றே செய்த கருவிகளும் வந்துவிட்டன. நியூசிலாந்தின் வெலிங்டனில் 2012இல் பிறந்த லூமியோவில் ஒரு யோசனைக்குக் கெடு வைக்கலாம். சம்மதம், மறுப்பு, ஒதுங்கல் இவற்றோடு ‘இதை நடக்க விடமாட்டேன்’ என்று அடியோடு மறிக்கவும் வழி உண்டு. தைவானில் 2015இல் ஊபர் டாக்சிச் சண்டையை அலசப் போலிஸ் என்ற கருவியைப் பயன்படுத்தினார்கள். பெயரைக் கேட்டு லத்தியை நினைக்க வேண்டாம். அதில் அடுத்தவர் கருத்தை ஏற்கலாம், மறுக்கலாம், தாண்டிப் போகலாம். பதில் எழுத மட்டும் பொத்தான் இல்லை. அதை அண்ணனிடம் கொடுத்தால் மூச்சு முட்டிப் போவார்.

அண்ணனுக்காக வாதாட இன்னொரு வலுவான கட்சி இருக்கிறது. முன்பு ஊர் கூடிப் பேசிய சாவடியில் யார் பேசினார்கள்? தோளில் துண்டு உள்ளவர்கள் பேசினார்கள். களை எடுக்கும் பெண்களும், திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் பையனும் வாய் திறக்க இடம் கிடைத்தது இந்தக் குழுவில்தானே? உண்மை, மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பையன் ‘கடைமடைக்குத் தண்ணி வரலையே, முதல்ல அதைப் பேசுங்க’ என்று எழுதிய அன்று ராத்திரியே குழுவில் ஒரு அறிவிப்பு முளைக்கும்: இனி அட்மின் மட்டுமே செய்தி அனுப்ப முடியும். சாவடிக்கும் ஒரு நல்ல குணம் இருந்தது. மூத்தவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டால் பேச்சு முடிந்தது, மறுநாள் நீர்பாய்ச்சி மண்வெட்டியோடு மடைக்குப் போவார். குழுவில் உதறுவதற்குத் துண்டில்லை. மார்ச்சில் தொடங்கிய நாற்றுப் பேச்சுக்கு அறுப்பு நேரத்திலும் யாராவது ஒருவர் கட்டைவிரல் காட்டிக்கொண்டிருப்பார்.

இதற்கிடையே ஜூன் முதல் தேதி நெருங்கும். அணையில் தண்ணீர் இருந்தால், வழக்கம்போல அரசாணை வரும், தேக்கடியில் மதகைத் திறப்பார்கள், பூத் தூவுவார்கள். பூ மிதந்து முதல் வளைவைத் தாண்டுமுன் அண்ணனின் பதிவு வந்துவிடும்: ‘நமது குழுவின் ஒருமனதான முடிவை ஏற்று இன்று தண்ணீர் திறக்கப்பட்டது. ஓட்டளித்த அனைவருக்கும் நன்றி.’ கீழேயே அடுத்த ஓட்டெடுப்பு: ‘நன்றி தெரிவிக்கும் பேனரில் யார் யார் படம் போடலாம்?’ பன்னிரண்டு பதிலும் நிரம்பியிருக்கும். முதல் படம் யாருடையது என்பதற்கு மட்டும் ஓட்டெடுப்பு கிடையாது.