நின்ற வண்டி, நிற்காத கதவு

கேள்வி: காதர்பேட்டையில் நிறுத்தியிருந்த காரின் கதவைப் பின்சீட்டில் இருந்தவர் சடாரென்று திறக்க, ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்த பனியன் கம்பெனித் தொழிலாளி மோதிக் கையை முறித்துக்கொண்டால் பொறுப்பு யாருக்கு? ‘வண்டி நின்னுட்டுத்தானுங்க இருந்துச்சு’ என்கிறார் கார்க்காரர்.
- வாசகர், திருப்பூர்

பதில்: வண்டி நின்றது சரி, கதவு நிற்கவில்லையே! மோட்டார் வாகனச் சட்டம் (1988) இழப்பீட்டுக்குக் கேட்பது, விபத்து வாகனத்தின் ‘பயன்பாட்டால்’ நேர்ந்ததா என்பதைத்தான். சக்கரம் சுழன்றதா என்பதை அல்ல. மகாராஷ்டிரத்தில் கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்த வழக்கில், ஓடாமல் கிடக்கும் வண்டியும் பயன்பாட்டில் இருப்பதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. கவிழ்ந்த டேங்கருக்கே அப்படியென்றால், ஆள் இறங்கும் காருக்கு என்ன விலக்கு? கதவைத் திறந்தது ஓட்டுநர் அல்ல, பயணிதான் என்பார்கள். இறங்குவதற்குத்தானே வண்டியையே நிறுத்தினார்கள்! இறங்குவதும் பயன்பாடே என்று வாதிட்டு, உரிமையாளரையும் காப்பீட்டு நிறுவனத்தையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கலாம். மூன்றாம் நபர் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியதே இப்படி அடிபடுகிறவருக்காகத்தான்.

‘சைக்கிள் ஏன் உரசிக்கொண்டு வந்தது?’ என்பது அடுத்த வாதம். ஒருபக்கம் தள்ளுவண்டி, மறுபக்கம் பண்டல் ஏற்றிய டெம்போ. வேறு எங்கே போவார்? அவர் பக்கமும் கவனக்குறைவு நிரூபணமானால் அந்தப் பங்கு அளவுக்குத் தொகை குறையும், உரிமை போய்விடாது. இப்படி நேராமல் தடுக்க எளிய வழி உண்டு: காரில் இருப்பவர் கதவுக்குத் தள்ளி உள்ள கையால் திறந்தால் உடல் திரும்பும், கண் தானாகப் பின்னால் போகும். பிரிட்டன் இதை 2022-இல் சாலை விதிநூலிலேயே சேர்த்தது. அடிபட்டவர் முதலில் எஃப்.ஐ.ஆர். நகலையும் காயச் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.