சுவர் பரீட்சை

நேற்று மாலை என் சம்பந்தி, மொட்டைமாடியில் நான் கட்டிவரும் சிறு அறைக்குள் பிரவேசித்து, இன்னும் பூச்சுக் காணாத மேற்குச் சுவரை வலக்கை நடுவிரல் முட்டியால் தட்டி, கண்களை மூடிச் சற்றே செவிமடுத்து, “என்ன சம்பந்தி, உள்ளே ஒன்றும் இல்லை போலிருக்கிறதே!” என்று பரம அனுதாபத்தோடு மொழிந்துவிட்டு, காப்பி ஆறிவிடும் என்று கீழே இறங்கிப் போனார். பெண்ணைக் கொடுத்த இடம், பதில் பேசுவதற்கில்லை.

சென்னையில் மேற்கு வெயில் விழும் அறைக்கு எவ்வகைச் சுவர் உத்தமம் என்பதை நிர்ணயிப்பதே இக்கட்டுரையின் உத்தேசம். அதற்கு முன், சுவர் தட்டும் சாஸ்திரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

தேங்காய்க் கடையில் காயைக் காதருகே வைத்துத் தட்டும் நம்மவர் கை, புது வீட்டுக்குள் நுழைந்ததும் அதே சிரத்தையோடு சுவருக்குப் போய்விடுகிறது. தட்டுவோரில் முக்குண பேதங்கள் உண்டு. ஒற்றை முட்டியால் மெல்லத் தட்டி, ஓசை அடங்கும்வரை காத்திருப்பவர் சாத்விகர், சாவிக்கொத்தால் தட்டுபவர் ராஜஸர், உள்ளங்கையால் ஓங்கி அறைந்து, சுண்ணாம்பு உதிர்ந்ததும் “பார்த்தீர்களா?” என்று நம்மையே சாட்சிக்கு அழைப்பவர் தாமஸர். தட்டிய பின் எழும் ‘ம்’ தனி ஆராய்ச்சிக்குரியது. அது குறுகி ஒலித்தால் ஒன்பது அங்குலச் செங்கல் என்றும், இழுபட்டால் நாலரை அங்குலம் என்றும், மூக்கின் வழியே வெளிப்பட்டால் ஹாலோ பிளாக் என்றும் கொள்ளவேண்டும், ‘ம்’ என்பதே வராமல் வீட்டுக்காரனின் தோளில் கை விழுமாயின், “மொத்தம் எவ்வளவு ஆயிற்று?” என்ற வினா பின்தொடரும். கிருஹப்பிரவேசத்துக்கு வந்தவர்கள், ஹோமப் புகை அடங்குமுன்பே, தாம்பூலப் பையை இடக்கைக்கு மாற்றி வலக்கையை விடுவித்துக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். நானும் அவ்வாறு மாற்றிக்கொள்பவன்தான். சுவரோடு நிற்பதுமில்லை, கதவு, தரை ஓடு, தண்ணீர்த் தொட்டி, மாடிப்படிக் கைப்பிடி என்று பரீட்சை விரிந்துகொண்டே போய், ஒருவர் பூஜை அறை மாடத்தைத் தட்டிவிட்டுக் கன்னத்திலும் போட்டுக்கொண்டார். இத்தனை பரீட்சகர்களில் ஒருவராவது, இரவு பத்து மணிக்கு அதே சுவரில் உள்ளங்கையை வைத்து, சூடு இருக்கிறதா என்று பார்த்ததுண்டா?

ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் முட்டிக்குப் பரம திருப்தி அளிப்பது என்பது வாஸ்தவம். பிற்பகல் முழுதும் வாங்கிய வெப்பத்தை ஆறேழு மணி நேரம் தன்னுள் வைத்திருந்து, நாம் பாயை விரிக்கும் வேளை பார்த்து உள்ளே இறக்குவதும் அதுவே. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானபோது, நான் பகலைக் காட்டிலும் இரவைத்தான் அதிகம் வைதேன்.

சம்பந்தி ‘ஒன்றும் இல்லை’ என்று தீர்ப்பளித்த என் சுவரோ ஏஏசி பிளாக். 1920களில் சுவீடனில் உருவான முறை அது: சிமெண்ட், சுண்ணாம்பு, அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஆகியவற்றைக் கரைத்த கலவையில் சிறிது அலுமினியத் தூள் சேர, வாயு கிளம்பிக் கலவை பொங்கி, உடம்பெல்லாம் நுண்துளைகளோடு இறுகி, பிறகு நீராவியில் வெந்து வெளிவரும். துளைகளில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது; எடையும் செங்கல்லில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பதால் கீழ்வீட்டு பீம்களுக்கும் சிரமமில்லை. உள்ளே ஒன்றும் இல்லாமைக்காகவே பணம் கொடுத்து வாங்கிய வஸ்துவை, உள்ளே ஒன்றும் இல்லை என்று ஒருவர் துக்கம் விசாரிப்பது என்ன நியாயம்? திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரும் செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுத்தான் சுவர் எழுப்பினார். அதில் கல்லும் கால் பங்கு மிச்சம். அச்சுவர்களை எத்தனை முட்டிகள் சோதித்தனவோ! (ஏஏசி கல்லில் சாதாரண ஆணி நிலைக்காது, அது ஈரத்தைக் குடிக்கும், இணைப்புகளில் விரிசல் விடும் என்ற மெய்யான தோஷங்கள் சம்பந்திக்குத் தெரியவில்லை, நானும் தெரிவிக்கவில்லை.)

ஆகவே எந்தச் சுவர் உத்தமம் என்றால், அதைச் சொல்ல வரும் தறுவாயில்தான் எங்கள் மேஸ்திரி, “செவுத்த விடுங்க சார், மேல பாருங்க” என்றார். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் நிற்கிறான். கோடை நண்பகலில் சூடு இறங்குவது பெரும்பாலும் கூரை வழியாகத்தான். நம் முன்னோர் செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போடும் கடுக்காய் நீரோடும் குழைத்துத் தளத்தின்மேல் இடித்து, அதன்மீது தட்டோடு பதித்தார்கள். என் அறைக்கோ மேலே வெறும் கான்கிரீட். கூரையைத் தட்டிப் பார்க்க நாற்காலி போட்டு ஏறவேண்டியிருப்பதால், அதைப் பற்றி இதுவரை எவருக்கும் அபிப்பிராயம் தோன்றவில்லை.

பங்குனி பிறக்குமுன் அதற்கு வெள்ளைச் சுண்ணாம்பாவது அடித்தாகவேண்டும். ஏணி ஏறச் சலிக்காத ஆள் யாரேனும் இருந்தால் சொல்லியனுப்புங்கள், கூலி பேசிக்கொள்ளலாம்.