கூரை யாருது பேராண்டி?

அடே பேராண்டி, நான் விசிட் விசாவுல ஷார்ஜா முவைலாவுக்கு வந்து இறங்குனதுலருந்து உன் வாயில சோலாரத் தவிர வேற பேச்சே வரல. வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்து சோலார் கம்பெனி வைக்கப் போறேங்கிற. வையி, நல்லா வையி. கமுதிப் பக்கத்தான் வெயிலப் பத்திப் பேசாம வேற எவன் பேசுறது? கிழவன் என்னமோ சொல்றேன், காதுல விழுந்த மட்டும் எடுத்துக்க.

அபுதாபி அல் தஃப்ராவுல 2,000 மெகாவாட்டு, நாப்பது லட்சம் தகடு, 2020 ஏலத்துல யூனிட்டு 1.35 சென்ட்டுன்னு நீ ஏதோ நீயே ஏலம் எடுத்தவனாட்டம் மாருல தட்டிக்கிற. அன்னைய கணக்குல அது ஒத்த ரூபா சொச்சம். நம்ம கமுதியில 648 மெகாவாட்டுக்கு 2015-ல எழுதுன ஒப்பந்தத்துல யூனிட்டு 7 ரூபா 1 காசு. அந்த ஒத்தக் காசு, மொய் எழுதுறப்ப மங்கலமா ஒரு ரூபா சேத்து வைப்போமே, அந்த மாதிரி போலருக்கு.

இந்த ஊரு சூரியன் நல்ல சூரியன், நம்ம சூரியன் சோம்பேறின்னு நெனைச்சிராத. தகட்டுக்கு வெளிச்சம் வேணும், சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல ஏறுற ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு சதவீதத்துல மூணுல ஒரு பங்கு மாதிரி கரண்டு கொறையும்னு நீதான சொன்ன? போதாக்கொறைக்கு இங்க மணலு. விடியக்காலம் பனி விழுந்தா அந்த மணலு தகட்டுல அப்பிக்கும். தண்ணி ஊத்திக் கழுவக் கட்டாதுன்னு பிரஷ் வச்ச ரோபோவ ஓட்டுறாங்க. இத்தனையும் தாண்டி எப்படிடா ஒத்த ரூபா?

தகட்டு வெல அந்த அஞ்சு வருசத்துல சரிஞ்சது ஒரு பங்கு. இருமுகத் தகடுங்கிற, முன்னாடியும் பின்னாடியும் வெளிச்சத்தத் திங்குமாம். ரெண்டு பக்கமும் திங்கிறவங்கள நம்ம ஊருல தகடுன்னு சொல்றதில்ல, அது வேற கதை. மிச்சத்த நான் சொல்றேன் கேளு. எடம் அரசாங்கம் காட்டுன பாலைவனம். கரண்ட வாங்குறது ஒரே ஆளு, அபுதாபி அரசோட கம்பெனி, 30 வருசத்துக்குக் கையெழுத்து. விக்கிற கூட்டுல பிரான்சுக்காரன் ஒருத்தன், சீனாக்காரன் ஒருத்தன் இருந்தாலும் நூத்துக்கு அறுபது பங்கு அபுதாபி அரசு பக்கத்து வேற ரெண்டு கம்பெனிங்களுக்குத்தான். வித்தவனும் வாங்குனவனும் ஒரே வாசல்ல செருப்புக் கழட்டுறவங்க. கடன் குடுத்த பேங்குக்காரன் ராத்திரி நிம்மதியாத் தூங்குவான். தூங்குறவன் வட்டி கம்மியாத்தான் கேப்பான்.

நம்ம டெல்லிக்கு ரெண்டு ஆசைடா. கரண்டு மலிவாவும் வேணும், தகடு உள்ளூருலயும் செய்யணும். 2010-ல சோலார் மிஷனத் தொடங்குனப்பவே உள்ளூர்ச் சரக்கத்தான் போடணும்னு விதி வச்சாங்க. அமெரிக்காக்காரன் உலக வர்த்தக அமைப்புல போயி நின்னான், 2016-ல நமக்குத் தோல்வி. 2020 டிசம்பர்ல குஜராத் ஏலத்துல யூனிட்டு 1 ரூபா 99 காசு வரைக்கும் எறங்குச்சு. ஆகா, எறங்கிருச்சேன்னு பதறிப்போயி 2022 ஏப்ரல்ல வெளிநாட்டுத் தகட்டுக்கு 40 சதவீதம் வரி போட்டாங்க. சும்மா சொல்லக்கூடாது, நம்ம பக்கம் கங்கைகொண்டான்லயும் பிள்ளைப்பாக்கத்துலயும் தகட்டு பேக்டரி வந்துச்சு. வரியச் சொமக்கிறது யாருன்னு மட்டும் எவனும் சத்தமாப் பேசுறதில்ல.

சரி, நீ யாருகிட்ட விக்கப் போற? இந்தப் பிளாட்டுல இருக்குற உன் கூட்டாளிகிட்டயா? ஏசி ராவும் பகலும் ஓடுது, பில்லு உன் தலையில, மொட்டமாடி கட்டடக்காரனுது. இங்க நீ ஒரு தகடு மாட்டணும்னா உன் நெத்தியிலதான் மாட்டணும்.

ஊருல எனக்கு விப்பியோ? 2024-ல மோடி அறிவிச்ச சூரிய வீடு திட்டத்துல 78,000 ரூபா வரைக்கும் மானியம்னு ஆசை காட்டுற. எனக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டு ஓசிடா. உங்க அப்பத்தாளும் நானும் ஒரு பேன், ஒரு டிவி. நூறத் தாண்டுறதே சீரியல் நீண்டு போற மாசந்தான். ஓசிக்கு எதிர்க்கடை போடுறவனப் பாத்துருக்கியா நீ?

அப்ப ரைஸ் மில்லுக்குப் போவ. போ. தன் கூரையில தானே எடுக்குற கரண்டுக்கும் மில்லுக்காரரு ஈபிக்கு நெட்வொர்க் கட்டணம் கட்டணும்னு வச்சிருந்தாங்கடா! சிறுதொழில்காரங்க கூடிக் கத்துன பெறகுதான் 2023-ல அவங்களுக்கு அதுல பாதி கொறஞ்சது. வெயிலுக்குக் கப்பங்கட்டுன ராசாக்க நம்மதான்.

அதனால நீ தகட்டப் படிச்சது போதும். ஊருக்கு வந்ததும் ஈபி ஆபீசுல ரெண்டு பக்கமும் ஓடுற மீட்டரு மாத்த எத்தன நாளாகும், ஏஈ எந்தக் கெழம சீட்டுல இருப்பாருன்னு கேட்டுட்டு வா. அப்பறமா கம்பெனிக்குப் பேரு யோசிப்போம். என் பேர வச்சாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல. கடன் பத்திரத்துல மட்டும் உங்கப்பன் கையெழுத்து வாங்கிக்க.